பித்தப்பைக் கல்லும் முதல் தட்டு பிரியாணியும்

போன வருடம், மழை ஓய்ந்து கல்யாண சீசன் சூடுபிடித்த நேரம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் பிரியாணி வேலையை முடித்துவிட்டு மதியம் மூன்று மணிக்கு உழவர்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிகிற மாதிரி ஒரு வலி. முதுகுக்குப் போனது, அங்கிருந்து தோள்பட்டைக்கு ஏறியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாயுத் தொல்லைதான் என்று சோடா வாங்கிக் குடித்தேன். அதுவும் அப்படியே வெளியே வந்துவிட்டது.

மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், பித்தப்பையில் மூன்று கல். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், இரண்டரை மாதம் கழித்துத்தான் தேதி என்றார் டாக்டரம்மா. அதுவரை நெய், எண்ணெய், ஆட்டுக்கறி, முட்டை மஞ்சள் கரு எதுவும் கூடாது. பட்டினியும் கிடக்கக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி விடாமல் இருந்தாலோ உடனே ஓடி வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பிரியாணி மாஸ்டர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இருபத்திரண்டு வருடமாக நிக்காஹ் வீடுகளுக்குச் சமைக்கிறேன். பிரியாணி சாப்பிடக் கூடாதவன் பிரியாணி மாஸ்டர் என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு என்னாவது? இந்தத் தொழிலில் ஒருவன் சீக்காளி என்று பேர் வாங்கிவிட்டால் அடுத்த வாரமே அவனுடைய ஆர்டர் வேறு ஆள் கைக்குப் போய்விடும். அதனால் அன்றைக்கே இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, இந்த இரண்டரை மாதத்தையும் ஒரு சொட்டு நெய் படாமல் தாண்டுவது. இன்னொன்று, விஷயத்தை என் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாமல் இருப்பது. முதல் முடிவு நல்ல முடிவு.

நான் பிடித்தால் உடும்புப் பிடி. காலண்டரில் ஆபரேஷன் தேதியை வட்டம் போட்டு, ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டே வந்தேன். காலையில் அரை மணி நேரம் நடை. எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்கு ரசம் சாதம், சுரைக்காய், புடலங்காய். மண்டபத்துக்குப் போனாலும் டிபன் பாக்ஸ் கூடவே வரும். ஆயிரம் பேர் என் பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைத் தின்பேன். அரிசி போடுவதற்கு முன் உலையில் உப்பு பார்க்க வேண்டுமே, அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன்.

பெரிய மார்க்கெட்டில் எப்போதும் வஞ்சிரம் வாங்குகிறவன், வேகவைத்துச் சாப்பிடக் கிழங்கான் மீன் கேட்டதும் மீன்காரம்மா பிடித்துவிட்டார். கிழங்கான் நோயாளிகளுக்குக் கொடுக்கிற மீன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். என் மனைவிக்கு, பித்தப்பையில் கல் என்று கூசாமல் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவள் மார்க்கெட்டுக்குப் போனபோது அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, இரண்டு மீன் கூடுதலாகவும் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த மனைவி பையை வைத்துவிட்டு, “எனக்குப் பித்தப்பையில கல்லாமே, எப்பங்க ஆப்ரேஷன்?” என்றாள். அசடு வழிந்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதில் பெரிய சிக்கல் முதல் தட்டு. எங்கள் வேலை முறையில் ஒரு வழக்கம் உண்டு. தேக்சா என்கிற பெரிய பிரியாணி அண்டாவின் தம்மை உடைத்து மூடியைத் திறந்ததும் முதல் கரண்டி பிரியாணியைத் தட்டில் போட்டு, கல்யாண வீட்டுப் பெரியவர் முன்னால் மாஸ்டர் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அவன் சாப்பிட்ட பிறகுதான் பந்திக்குப் போகும். நான் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். மேலாக இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் நாலு பருக்கை வாயில் போட்டு, நன்றாக மென்று, தலையை ஆட்டுவேன். ஐந்து கல்யாணம் இப்படியே ஓடிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆறாவது கல்யாணம். பெண்ணின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, என் பக்கத்திலேயே நின்றார். பருக்கை பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, “என்னா பாய், ஒங்க பிரியாணிய நீங்களே தொட மாட்றீங்க?” என்று சொல்லி, தேக்சாவின் அடியிலிருந்து மசாலாவோடு நாலு துண்டுக் கறியையும் ஒரு நல்லியையும் அள்ளி என் தட்டில் போட்டார். சுற்றிலும் பத்துப் பேர். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாய் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மாதம் கழித்து நாக்கில் பட்ட அந்தக் கறியின் ருசியில் ஆபரேஷனே மறந்துபோனது. தட்டைக் காலி செய்து, நல்லியைத் தட்டி உறிஞ்சியும் விட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் மண்டபத்து மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தேன். சாயங்காலம் குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள், கையில் ஊசி, பாட்டில் பாட்டிலாக மருந்து. என் மனைவிதான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பித்தப்பை வீங்கிவிட்டது, இது ஆறாமல் தொட முடியாது என்று, வட்டம் போட்டு வைத்திருந்த தேதியை ரத்து செய்து, ஆறு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. “வேலைக்காகச் சாப்ட்டீங்களா, வீம்புக்காகச் சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அடித்துக்கொண்டே வந்த காலண்டரை நினைத்தபோது அழுகை வந்தது. அறுபத்து மூன்று நாள் வாயைக் கட்டியவன் ஒரு தட்டில் தோற்றேன்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இட்லி, அதே சுரைக்காய், அதே கிழங்கான். இந்தத் தடவை ஒரு வித்தியாசம், மார்க்கெட்டுக்குப் போய் மீன்காரம்மாவிடம் கல் எனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் மனைவியை நினைத்துச் செய்துகொண்ட வேண்டுதலை இனி எப்படி மாற்றுவது என்று கோபித்துக்கொண்டார்.

புதுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால், வெகுநாளைக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு கல்யாணம் எங்கள் உழவர்கரையிலேயே இருந்தது. உடம்பும் தேறியிருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, தூக்காமல் கொள்ளாமல் பக்கத்தில் நின்று வேலை வாங்கலாம், வாயில் மட்டும் எதுவும் போகக் கூடாது என்றார். மனைவியிடம் சொன்னேன். அவளும் வருகிறேன் என்றாள். தம் போடுகிற இடத்துக்குப் பெண்கள் வந்து எனக்குப் பழக்கமில்லை, ஆம்பளைகள் இருக்கிற இடம் என்று இழுத்தேன்.

“ஆஸ்பத்திரில பக்கத்துல ஒக்காந்துனு இருந்தது நானு. அடுப்பாண்ட மட்டும் நிக்கக் கூடாதா?” என்றாள். சரி, வா என்றேன்.

அன்று தம் உடைப்பதற்கு முன்பே பெண்ணின் அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, பித்தப்பையில் கல், இன்னும் பதினாலு நாளில் ஆபரேஷன், முதல் தட்டை நான் சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் என் தோளில் கையை வைத்து, “எனக்குச் சக்கரை பாய். எம் பொண்ணு கல்யாணத்து ஸ்வீட்ட நானே தொட முடியாது. இதுல இன்னா இருக்குது? யாராச்சும் ஒருத்தர் சாப்ட்டாப் போதும்” என்றார். இதற்காகவா நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்தேன், ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

தம்மை உடைத்தேன். ஆவி அடங்கியதும் தட்டில் போட்டு என் மனைவி கையில் கொடுத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஓரமாக நின்று ஒரு வாய் எடுத்தாள். ஊதி ஊதி மென்றாள். எந்தக் கல்யாண வீட்டுப் பெரியவர் முன்னாலும் எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒங்க பிரியாணிய இப்பதாங்க சூடா சாப்புடறேன்” என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் ஆவி பறக்கப் பரிமாறிவிட்டு, மிச்சத்தை ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோய் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஆறிய சோற்றையே கொடுத்திருக்கிறேன். அடியில் நெய் உறைந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதைச் சூடு பண்ணி அவள் சாப்பிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

இந்தத் தடவை தேதி தவறவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று கல்லையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது. இப்போது நான் எதை வேண்டுமானாலும் அளவாகச் சாப்பிடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் தம் உடைக்கிற நேரத்துக்கு என் மனைவி ஸ்கூட்டியில் வந்து இறங்கிவிடுவாள், அவள் சாப்பிட்டுத் தலையாட்டிய பிறகுதான் தேக்சா பந்திக்குப் போகிறது. வலியைக்கூட நான் மறந்துவிட்டேன், அவள் அன்றைக்கு ஊதி ஊதிச் சாப்பிட்ட அந்த முதல் தட்டை மட்டும் மறக்க முடியவில்லை.