காலி நாற்காலியில் பார்த்த வழி

“படிச்சி கிழிச்சிட்டு இன்னா பண்ணப் போற? கப்பல்ல போயி வண்டி தள்ளப் போறியா? உன்னால முடியாதுடி. பத்து நாள்ல திரும்பி வந்துடுவ.”

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் சாலை நடுவிலிருந்து எழுந்து வந்து, பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என் பெரியப்பா சொன்னது இது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் அடிக்கடி மறியல் நடந்த வருடங்கள் அவை. நான் சென்னைக்கு ஏறிய பஸ்ஸை மறித்தவர்களில் அவரும் ஒருவர்.

“உங்களுக்காகத்தான நாங்க ரோட்ல குந்திகினு இருக்கோம். நீ இன்னாடான்னா பொட்டியத் தூக்கிகினு போற.”

“ஒதுக்கீட்டு கேஸ் முடியறதுக்குள்ள எனக்கு நரச்சிடும் பெரியப்பா” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் கச்சிராயபாளையத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். நர்சிங் டிப்ளமோ முடித்தேன். அரசு வேலைக்கான பட்டியல், ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனதால் கப்பல் வேலைக்கு எழுதிப்போட்டேன். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் “உன்னால முடியாது” என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல் என் வாயிலிருந்து வரக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக எழுதும் இந்தக் குறிப்பு, அந்த வைராக்கியம் செய்த கெடுதலைப் பற்றியது.

1. கல்லும் சக்கரமும்

எனக்குக் கிடைத்த வேலை மொபிலிட்டி அசிஸ்டண்ட். சுற்றுலாக் கப்பலில் வரும் சக்கர நாற்காலிப் பயணிகளைக் கேங்வே என்னும் இறங்கு பாலம் வழியாகக் கரையில் இறக்கி, ஊர் காட்டி, கப்பல் கிளம்பும் முன் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று. அதே ஊர்கள் மறுபடி மறுபடி வரும்.

ஐரோப்பாவின் பழைய நகரங்கள் படத்தில் பார்க்க அழகு. நாற்காலி தள்ளுகிறவளுக்கு அவை வேறு ஊர்கள். நேப்பிள்ஸில் கறுப்புக் கல் பாவிய தெருக்கள். கற்களின் இடைவெளியில் முன்சக்கரம் சிக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் மட்டுமே உருட்ட வேண்டும். டுப்ரோவ்னிக்கில் கல் தேய்ந்து கண்ணாடி போல இருக்கும். மழை தூறினால் என் காலே வழுக்கும். வல்லெட்டாவில் துறைமுகத்திலிருந்து மேலே போக லிஃப்ட் உண்டு. ஏறியபின் தெருவெல்லாம் சரிவு. இறங்கும்போது நாம் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இதையெல்லாம் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கர்வமும் கூடவே வந்தது.

இன்னொரு விதி உண்டு. பயணியை நாற்காலியோடு தூக்கக் கூடாது. சூப்பர்வைசர் அதை வாரம் ஒருமுறை சொல்லுவார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கல்வராயன் மலையில் பிரசவ வலி வந்த பெண்ணைத் தூளி கட்டி மூங்கிலில் சுமந்து இறக்குவார்கள். பயிற்சிக் காலத்தில் அப்படி வந்த ஒருத்தியை ஆஸ்பத்திரி வாசலில் நான் வாங்கியிருக்கிறேன். வழியில் நின்றவர்கள் கேட்காமலே தோள் மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். தூக்குவதற்கு என்ன விதி வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன்.

2. நான் எழுதிய பதில்

லண்டனில் இருந்த சுமதி என்ற அக்காவிடமிருந்து எங்கள் கப்பல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். அவர்கள் சொந்த ஊர் திருக்கோவிலூர். அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கொரோனா காலத்தில் கப்பலிலேயே இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லாமல், எங்கள் கப்பல் நிற்கும் துறைமுகம் ஒன்றிலேயே புதைத்துவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அம்மா பொற்கொடிக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகன் கிடக்கும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். நாற்காலி அங்கே போகுமா? இதுதான் கேள்வி.

அடுத்த சுற்றில் ஒரு காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூவோடு வந்த குடும்பங்கள். மேல் வரிசைக்குப் பன்னிரண்டு படிகள். நாற்காலியை நானே தூக்கினேன். அங்கிருந்த ஒருவர் கேட்காமலே மறுபக்கம் பிடித்தார். மகனின் கல்லைக் கண்டுபிடித்தேன்.

திரும்பி வந்து எழுதினேன்: “முடியும் அக்கா. கொஞ்சம் படி இருக்கிறது. உதவிக்கு நாலு பேர் இருப்பார்கள்.”

3. புதன்கிழமை

அம்மாவும் மகளும் எங்கள் கப்பலிலேயே பயணிகளாக வந்தார்கள். நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் பொற்கொடி அம்மாவுக்கு முகம் மாறியது.

“கச்சிராபாளையமா? கோமுகி டேமுக்கு எம் புள்ள சைக்கிள்லயே வருவான்டி. உங்க ஊரு ஆளுங்கோ வாய் ஜாஸ்தி, வேல கம்மி.”

“நான் வேலயும் ஜாஸ்திங்க” என்றேன். சிரித்தார்.

மடியில் ஒரு துணி முடிச்சு. வாய்க்கரிசி. எங்கள் பக்கம் இறந்தவர் வாயில் உறவினர்கள் கடைசியாகப் போடும் அரிசி. “பெத்தவ போடாம போயிட்டான். மண்ணு மேலயாவது போட்டுட்டு வரேன்.”

அன்று புதன்கிழமை. மதிய வெயில். கல்லறைத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. காவலுக்கு இருந்த கிழவர் படிகளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தன் இடுப்பைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினார். தெருவுக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தேன். கடைகள் மூடியிருந்தன. கூப்பிடுவதற்கு ஆளில்லாத தெருவை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

“நாமளே தூக்கலாம் அக்கா” என்றேன். சுமதி அக்கா ஒல்லி. நான் பின்னால், அவர் முன்னால். மூன்றாவது படியில் அவர் பிடி நழுவியது. நாற்காலி சாய்ந்து, அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தோல் கல்லில் உரிந்தது.

“வுடு, வுடுடி. எறக்கு. எனுக்கு ஒண்ணும் இல்ல.”

இறக்கினோம். ரத்தம் வழிந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்துப் பாதி அரிசியை மகள் கையில் கொட்டினார். “அக்காகாரி பங்கு. நீ போயி போட்டுட்டு வா.” மீதியைத் திரும்ப முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். “இது என் கையால போடறது.”

நான் மண்டியிட்டுக் காலில் கட்டுப் போட்டேன். அவர் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். கீழிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரியும்.

“நீ முன்னமே பாத்தல்ல? எப்பிடி இருக்குது?”

நல்லா இருக்குதுங்க என்று சொல்ல வாய் வந்தது. இன்னொரு பொய்யை அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை.

“சின்ன கல்லுங்க. பேரு போட்டிருக்குது. புல்லு மொளச்சிருக்குது. யாரும் வந்தா மாதிரி தெரியல.”

“பக்கத்துல?”

“பக்கத்துலயும் கப்பல்காரங்கதாங்க. அஞ்சாறு பேரு.”

“சரி” என்றார். மகள் இறங்கி வந்ததும் நாற்காலியைக் கப்பல் பக்கம் திருப்பினேன்.

4. சுமதி அக்கா சொன்னது

கட்டு மாற்றப் போனபோது சுமதி அக்கா அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“பன்னெண்டு படி, நாற்காலி ஏறாதுன்னு நீ எழுதியிருந்தா நான் நாலு ஆளுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு வந்திருப்பேன்மா. முடியும்னு எழுதின. நம்பி வந்துட்டோம்.”

விதியை மீறித் தூக்கியதற்குச் சூப்பர்வைசர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது வலிக்கவில்லை. மறுநாள் பொற்கொடி அம்மா என் கையைப் பிடித்து “உம் மேல கொற இல்லடி” என்றார். அதுதான் வலித்தது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். என்னைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன “முடியாது” வேறு. நான் ஒரு வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய “முடியாது” வேறு. இரண்டாவதைச் சொன்னால்தான் என்ன தேவை என்று கேட்டவருக்குத் தெரியும். என் கௌரவத்துக்காக நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி, ஒரு தாய் மகனுக்குப் பன்னிரண்டு படி கீழே வரை வந்து திரும்பினார்.

இப்போது நான் காலி நாற்காலியோடு எந்த ஊருக்குள்ளும் போவதில்லை. சமையல் ஸ்டோரிலிருந்து ஓர் ஆளின் எடைக்கு, எழுபது கிலோ உருளைக்கிழங்கை மூட்டையாக வாங்கி நாற்காலியில் கட்டித் தள்ளிப் பார்க்கிறேன். எங்கே நின்றுபோகிறதோ அங்கே “இதற்கு மேல் முடியாது” என்று எழுதிக் கீழே என் பெயரைப் போடுகிறேன். சென்ற சுற்றில் அந்த ஊரில் நோயாளிகளைச் சுமக்கும் தன்னார்வலர்களைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர்களிடம் கைப்பிடி வைத்த தூக்கு நாற்காலி இருக்கிறது. நான்கு பேர் வருகிறோம், எந்த நாள் என்று மட்டும் சொல் என்றார்கள். நேற்று காலை சுமதி அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன்: படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், சக்கர நாற்காலி ஏறாது, தூக்க வரும் நான்கு பேரின் பெயர்கள்.