பாசி தின்ன ஒரு மீன் வேண்டும்

சென்ற வாரம் அடையாறில் ஒரு சிநேகிதி தன் வீட்டு மீன் தொட்டியைக் காட்டினாள். கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி. உள்ளே மீன் இருப்பதாகச் சொன்னாள். நம்பினேன் — வேறு ஆதாரமில்லை.

"பாசி தின்னும் மீன் ஒன்று விடலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கட்டும்?" என்றாள்.

பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, என் உத்தியோகமே இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கோடை விடுமுறைக்குக் குன்னூர் புறப்பட்ட தலைமையாசிரியை, தம் கண்ணாடித் தொட்டியையும் மூன்று தங்க மீன்களையும் என்னிடம் ஒப்படைத்தார். "இவற்றை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று பார்த்துவிட்டு, உன் வேலையை நிரந்தரமாக்குவதை யோசிக்கிறேன்" என்றார். இலக்கணம் கற்பிப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை உண்டா?

தொட்டியை எங்கள் வீட்டில் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தோம். மீன்களுக்கும் வெளிச்சம் வேண்டாமா? பத்தே நாளில் பாசி மூடிவிட்டது.

எங்கள் பங்குக் கோயிலில் மீனைப் பற்றித் தெரியாத குடும்பமே கிடையாது. ஆனால் எந்த மீன் எதைத் தின்னும் என்று கேட்டால், எந்த மீனை எப்படித் தின்பது என்றே பதில் வந்தது. என் நாத்தனார், புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதுவரை விளக்கினாள்.

என் கணவர் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் கற்பித்தவர். அவர் யாரையும் கேட்கவில்லை, சிந்தித்தார். மறுநாள் ஒரு கெளுத்தியுடன் வந்தார்.

"மீசையைப் பார்த்தியா? துடைப்பம் மாதிரி! கண்ணாடியைப் பெருக்கத்தான் ஆண்டவர் கொடுத்திருக்கார்."

காலையில் பார்த்தோம். பாசி அப்படியே இருந்தது. தங்க மீன்தான் ஒன்று குறைந்திருந்தது.

அன்று அவர் காபி குடிக்கவில்லை. தொட்டியருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், "உன் வேலைக்கு நானே உலை வச்சுட்டேன்..." என்றார் மெல்ல. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மயிலாப்பூர் சந்தையில் ஏரி மீன் விற்ற அஞ்சலையிடம் நானே போனேன்.

"கெளுத்தியையா வுட்ட? இன்னா டீச்சரம்மா, அது கூட இருக்கறதையே முழுங்கற ஜென்மமாச்சே! யாரு வாங்கியாந்தது?"

"வீட்டில் ஐயா."

"படிச்சவரா?"

"ஆமாம்."

"அதான பார்த்தேன்! பொடிக் கெண்டைக் குஞ்சா நாலு வுடு. நாளைக்கு உசுரோட எடுத்தாறேன். பாசியை மேஞ்சுக்கினே இருக்கும், யாரு வம்புக்கும் போவாது."

கெண்டைகள் வந்தன. கெளுத்தி நாத்தனார் வீட்டுக்குப் போனது. அங்கே புளி தயாராக இருந்தது.

ஜூன் மாதம் தலைமையாசிரியை திரும்பினார். தொட்டியை முன்பே ஜன்னலைவிட்டு நகர்த்தியிருந்தேன், கண்ணாடி பளபளத்தது. பள்ளிக்குக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். குனிந்து பார்த்தார்.

"மூன்றாவது தங்க மீன் எங்கே?"

"கெளுத்தி தின்றுவிட்டது, மிஸ்."

"அந்தக் கெளுத்தியைத் தேர்ந்தெடுத்தது யார்?"

"என் கணவர்."

"கணவரைத் தேர்ந்தெடுத்தது?"

"என் அப்பா, மிஸ்."

பேனாவைத் திறந்தார். "ஆக, நீயாகத் தேர்ந்தெடுத்தது கெண்டைகளை மட்டும்தான். நல்ல தேர்வு" என்று என்னை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார்.

கெண்டைகளைப் பாராட்டினார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.