மண்ணால் செய்த கதவு

கடம்பூருக்குத் தெற்கே ஒரு தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் ஆறுமுகத்தாய். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பாட்டுக் கட்டுவாள், கரித்துண்டு கிடைத்தால் படம் போடுவாள். எல்லாமே நல்ல பாட்டுகள் என்று சொல்ல முடியாது.

ஆலையின் பின்கதவு எப்போதும் பூட்டிக் கிடக்கும். திறந்திருந்தால் பெண்கள் அடிக்கடி ஒதுங்கப் போவார்கள், வேலை கெடும் என்பது முதலாளி மாயகிருஷ்ணனின் நினைப்பு. 1997 கோடையில் குச்சி மருந்து உரசித் தீப்பிடித்தபோது எல்லோரும் முன்வாசலில் நெருக்கியடித்தார்கள். கூடக் குச்சி அடுக்கிய இசக்கிச்செல்விக்குக் கை வெந்தது. உயிர் எதுவும் போகவில்லை என்பதால் பூட்டும் போகவில்லை.

ஆறுமுகத்தாய் ஆலைச் சுவரில் கரியால் ஒரு கதவை வரைந்து, கீழே நாலு வரி எழுதினாள். கணக்கப்பிள்ளை அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மறுபடி வரைந்தாள், மறுபடி அடித்தார். இன்னொரு தடவை வரைந்தால் வேலை கிடையாது என்றார்.

சுவர் முதலாளியுடையது. காளியம்மன் கோயில் அப்படியல்ல. பங்குனிப் பொங்கலுக்குக் கண்நோய் தீர மண்ணால் கண் செய்து வைப்பார்கள், கால்வலி தீரக் கால். நேர்ந்துகொண்டு வருவதைப் பூசாரி மறுக்கக் கூடாது. அவள் கதவு செய்தாள். கரிசல் மண்ணில் செய்தது காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. கண்மாய்க் களிமண்ணில் மணலைக் கலந்து, பாதி திறந்த கதவாகத் திரும்பச் செய்தாள். அதைப் பார்த்து ஆலைப் பெண்கள் ஆளுக்கொன்று செய்தார்கள்.

பரிவட்டம் கட்டி முதல் மரியாதைக்கு முதலாளி நின்ற வேளையில், கதவுகள் வரிசையாக வந்தன. பூசாரி சாமித்துரைக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏட்டி, கண்ணுக்கு நோக்காடுன்னா கண்ணு வைக்கலாம். கதவுக்கு என்னட்டி நோக்காடு?"

"தொறக்க மாட்டேங்குது சாமி. அதான் நோக்காடு" என்றாள் ஆறுமுகத்தாய்.

கூட்டம் சிரித்தது. பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டி அவள் பாட்டை எடுத்தார்கள்:

குச்சி அடுக்குற கூட்டத்துக்குக்
கொல்லைக் கதவைப் பூட்டலாமா?
கோயில் நடையைப் பூட்டிவச்சா
ஆத்தா மூச்சு விடுவாளா?

சாமிக்குப் பாடுவதை நிறுத்தச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. பூசாரி கதவுகளை அம்மன் காலடியில் அடுக்கிவிட்டு அவரைப் பார்த்தார். ஊரே பார்த்தது. திங்கட்கிழமை தொறந்திரும் என்று முதலாளி முணுமுணுத்தார். பாட்டும் படமும் அதிகாரத்தை வெல்லும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்புவதற்கில்லை. அன்று வென்றன.

திங்கட்கிழமை பூட்டு இல்லை. பெண்கள் அத்தனை பேரும் வேலிக்கருவை முள்ளைத் தாண்டி, ஆலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார்கள்.

"முன்வாசல் தொறந்துதானட்டி கெடக்கு?" என்றார் கணக்கப்பிள்ளை.

"அதுவும் கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றபடி ஆறுமுகத்தாய் முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள்.