எண்ணாமல் விட்ட கோடுகள்

துருக்கிப் பக்கத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் லூவியன் என்றொரு மொழி இருந்ததாம். கை, கால், மாட்டுத்தலை என்று படம் படமாகக் கல்லில் வெட்டி எழுதியிருக்கிறார்கள். பேச ஓர் ஆள்கூட மிச்சமில்லாத அந்த எழுத்தின் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். இன்னதென்று யாருக்கும் தெரியாத படங்களுக்கும் எண் உண்டு. ரிட்டையரான கிராணிக்கு, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவுக்கு, வேறென்ன வேலை, திரையில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருள் தெரியாத படங்கள் வந்தபோது அழுதுவிட்டேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலாயாவில் நாங்கள் இருந்த காஜா பேராங் வீட்டு அடுப்படிப் பலகைச் சுவரில் கரித்துண்டால் அவளாகவே வரைந்து வைப்பாள். வெற்றிலை வரைந்திருந்தால் தாத்தாவின் திதி. சேவல் என்றால் முனியாண்டி பூசை.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். எனக்கு அப்போதுதான் கிராணி வேலை கிடைத்திருந்தது, தலைகால் புரியவில்லை. ஆபீஸ்காரர்கள் விருந்துக்கு வருகிறார்கள், சுவர் கரியாக இருந்தால் என் மானம் என்னாவது? சுண்ணாம்பு அடிக்குமுன் அம்மாவின் படங்களை ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. மூலையில் ஒரு பிறையும் சில கோடுகளும் இருந்தன. எனக்குப் புரியவில்லை, கிறுக்கல் என்று விட்டுவிட்டேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா நேரே அந்த மூலைக்குப் போய்ச் சுவரைத் தடவினாள்.

"ஏன்யா, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எல்லாம் நோட்டுல இருக்கும்மா."

"பாப்பா இருக்காளா?"

பாப்பா எனக்குப் பின்னால் பிறந்து, ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போன தங்கை. போட்டோ கிடையாது, பிறப்புப் பத்திரம் கிடையாது. கைக்குழந்தைக்குத் திதி கொடுப்பது எங்கள் வழக்கமுமில்லை. அதனால் அம்மா யாரிடமும் சொல்லாமல் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த மூலையில் ஒரு கிளாஸ் பால் வைத்து வந்திருக்கிறாள். வீட்டில் அப்போது காலண்டர் ஏது? குழந்தை போன அன்று வானத்தில் பார்த்த பிறையை வரைந்து, எத்தனையாவது மாசமோ அத்தனை கோடு போட்டிருந்தாள்.

"மூணாம் பிறைதான்யா. மாசந்தான் நெனப்புல இல்ல, கோட்டப் பாத்துத்தான் பால் வெப்பேன். கோடு எத்தன இருந்துச்சு?"

நான் எண்ணவில்லை.

அதன்பிறகு அம்மா மாசாமாசம் மூன்றாம் பிறையன்று அந்த மூலையில் பால் வைத்தாள். சாகும்வரை ஒரு மாசமும் தவறவிடவில்லை. எதற்கம்மா இத்தனை தடவை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏதாச்சும் ஒண்ணு அவளோட நாளா இருக்கும்ல?" என்றாள்.