மலாயாப் பூட்டனின் கோட்

போன கிழமை சீலன் வீட்டு மணியை அடித்தபோது, உள்ளே மாட்டுக்கன்றின் வாலை யாரோ மிதித்தது போல ஒரு சத்தம். "அனா ட்ரம்பெட் பழகிறாள்" என்றான் சீலன். மகளைப் பற்றிச் சொன்ன முகத்தில் பெருமையும் தலையிடியும் சரிபாதி. "பூட்டன்ரை ரத்தம் அண்ணை, சும்மா விடுமே?" என்று குசினிக்குள் இருந்து அவன் மனைவி சொன்னாள். சீலன் என்னைப் பார்க்கவில்லை. நானும் சப்பாத்து நாடாவை வெகு கவனமாக அவிழ்த்தேன்.

அந்தப் பூட்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். ட்ராமில், மடியில் வைத்து.

யூரோ வந்த புதிது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எனக்கும் சீலனுக்கும் ஒரே அறை. சுவரில் ஈரம் ஊறி ஒரு கறை. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி எழுதி என் ஜெர்மன் வளர்ந்தது. கறையும் கூடவே வளர்ந்தது. மறைக்க ஏதாவது வாங்குவோம் என்று சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். இன்றைக்கும் நனைந்த காட்போர்ட் மணம் வந்தால் எனக்கு அந்தச் சந்தைதான், அதில் ஹைன்ஸின் மேசைதான் நினைவுக்கு வரும்.

ஹைன்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் நிலத்துக்குக் கீழே இருந்தவருக்கு, மேலே வந்ததும் அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் மேல் பித்து. அவர்களின் பழைய படங்களைச் சட்டம் போட்டு விற்பார். கதை கேட்காமல் படம் வாங்க ஏலாது. நான் கறையின் அளவுக்குப் பொருந்தும் ஒன்றைத் தொட்டேன். கையில் கோர்னெட் என்ற சின்ன ட்ரம்பெட்டோடு கோட் போட்ட ஒரு கறுப்பின மனிதர்.

ஹைன்ஸ் தொடங்கிவிட்டார். இவர் கூடார நாடகக் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போனவர். கறுப்பர்களுக்கு எந்த ஊரிலும் படுக்க இடம் கொடுக்காததால் ரயில் பெட்டியிலேயே தூங்கியவர். அவர் வாசித்தது ஒரு இசைத்தட்டில்கூட இல்லை. கோட்டும் ஸ்டூடியோக்காரருடையது, கை நீளம் விரல் முட்டுவரை இறங்கியிருந்தது. எங்கள் ஊர் ஸ்டூடியோவிலும் ஒரே கோட்தான். என் அப்பாவும், அவர் முகத்தில் முழிக்காத சின்னையாவும் அதே கோட்டுக்குள் நிற்கிறார்கள்.

"மிஞ்சினது இவரின்ரை பேர் மட்டும்தான், கவனம்" என்ற பொருள்பட ஜெர்மனில் எச்சரித்துவிட்டு, பேர், ஊர், கதை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் ஒட்டித் தந்தார். கறை அழகாக மறைந்தது.

அடுத்த மாதம் சீலனுக்குச் சம்பந்தம் பேச ஹனோவரில் இருந்து பெண்ணின் தகப்பன் வந்தார். சீலனுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்ததில் படம் என்று ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அவனுக்கு அந்தப் பெண்ணை உயிராய்ப் பிடித்திருந்தது. காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தம்பியின்ரை ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்ட பெரியவரின் கண் சுவரில் போய் நின்றது. "இது ஆர்?"

சீலன் என் பக்கம் திரும்பினான். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"சீலன்ரை பூட்டனார். மலாயாவில இருந்தவர்."

"மலாயாவோ! றெயில்வேயோ?" அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்து மலாயா போனவர்களில் பாதிப்பேர் றெயில்வே உத்தியோகம்தான்.

"ஓம், றெயில்வே." ரயிலில் தூங்கியவர்தானே, பாதி உண்மை என்று மனதைத் தேற்றினேன். "ஞாயிற்றுக்கிழமையில கோயில் பாண்டிலயும் வாசிக்கிறவர்."

"பேர்?"

பக்கத்தில் மாதா கோயில் கலண்டர் தொங்கியது. அன்றைய புனிதர் கைகொடுத்தார். "ஸ்தனிஸ்லாஸ்."

பெரியவர் எழுந்து போய் உற்றுப் பார்த்தார். "மலாயாக் கோட்டெண்டால் மலாயாக் கோட்டுத்தான். முகவெட்டு அப்பிடியே தம்பியில இருக்கு." சம்பந்தம் சரி வந்தது.

அவர் போனபின் சீலன் என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். "பொய்யெண்டாலும், எனக்கெண்டு சுவரில ஒராள் நிண்டது நல்லாத்தான் இருந்தது" என்றான்.

கலியாணத்துக்கு முன், சீலனோடு புது வீட்டுக்குப் போகவிருந்த படத்தைத் துடைக்கும்போது பின்னால் ஒட்டியிருந்த தாள் உறுத்தியது. யாராவது திருப்பிப் பார்த்தால்? உரித்தெடுத்துவிட்டேன். பிறகென்ன, ஒவ்வொரு நவம்பரும் ஸ்தனிஸ்லாஸின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை. சுவாமியார் பேரை வாசிக்கும்போது நானும் பக்தியோடு தலை குனிவேன்.

இப்போது அந்தச் சந்தை கார் நிறுத்துமிடம். ஹைன்ஸும் போய்விட்டார். அந்தக் கறையைக்கூட வீட்டோடு சேர்த்து இடித்துவிட்டார்கள்.

ட்ரம்பெட்டை வைத்துவிட்டு அனா என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமா, பள்ளிக்கூடத்தில பூட்டனைப் பற்றி வகுப்புக்கு முன்னால நிண்டு பேசி றெஃபராட் செய்யப்போறன். இணையத்தில ஸ்தனிஸ்லாஸ் எண்டு தேடினன், ஒண்டும் வரேல்லை. அவருக்கு வேற பேர் இருந்ததோ?"

சீலன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றான். வேண்டாம் என்று அவன் தலையாட்டவில்லை. எனக்கும் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

"இருந்தது, பிள்ளை" என்றேன்.

"என்ன பேர்?"

யோசித்தேன். முதல் எழுத்துக்கூட வரவில்லை. உரித்தெடுத்த அன்று அந்தத் தாளை நாலாய்க் கிழித்து, ஜெர்மன் சட்டம் தவறாதவனாய், காகிதத்துக்கென்று இருக்கும் நீலத் தொட்டியில்தான் போட்டேன்.