மஞ்சள் பாம்பும் இரண்டு படங்களும்

சென்ற செவ்வாய்க்கிழமை, வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் மலர் அக்கா, நல்லரெத்தினம் அண்ணையின் மனைவி. "தம்பி, அவர் போயிட்டார்" என்றார். நான் திரும்பி வந்து மிச்சக் கரட்டையும் சீவி முடித்தேன். பக்கத்து மேசைதான் அண்ணை ஐந்து வருடம் நின்று வேலை செய்த இடம். இப்போது அங்கே ஒரு போர்த்துக்கேயப் பெண் நிற்கிறார்.

சுவிஸில், இந்த வின்டர்தூர் நகரில் அவரை அறியாத தமிழர் குறைவு என்பதால் அவர் குணநலன்களை இங்கே அடுக்கப் போவதில்லை. மரண அறிவித்தலைப் பார்த்த பலர் என்னை அழைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏன் இரண்டு படங்கள்? ஒன்றில் கன்னம் உப்பிய இளைஞர், மற்றதில் முடி கொட்டி, தோல் கறுத்து, எலும்பும் தோலுமான ஒருவர். "அச்சடிச்சவங்கள் ஆரோ வேற ஆளின்ர படத்தை மாறிப் போட்டுட்டாங்களோ?" என்று ஒருவர் கேட்டார். யாரும் மாற்றிப் போடவில்லை. இரண்டையும் போடச் சொன்னது நான்தான். அதற்குக் காரணம் ஒரு பாம்பு.

தொண்ணூற்றிரண்டில் அண்ணையும் நானும் இன்னும் இரண்டு பேரும் ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், என்ற சுவிஸ் அம்மாவின் வீட்டு மேல்மாடியில் இருந்தோம். அவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, கீழ்வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்பது சரியில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி மலைப்பாம்பும் இருந்தது. விரல் தடிப்பில், அரைத்த மஞ்சளின் நிறத்தில், ஒரு கிளையில் சுருண்டு கிடக்கும். மற்ற மூன்று பேரும் அந்தக் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்போம். அண்ணை மட்டும் உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். அதற்கு 'மஞ்சள்' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஃப்ராவ் கெல்லருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று ஆனது. மருத்துவமனை, பிறகு நடைப்பயிற்சி இல்லம், எல்லாமாக ஐந்து மாதம். வீட்டுச் சாவியையும் பாம்பையும் அண்ணையிடம் ஒப்படைத்தார். என்ன சூடு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளுக்கு ஓர் எலி என்று ஒரு தாளில் தன் கையால் எழுதியும் கொடுத்தார். அகதியாக வந்தவர்களுக்குக் கடதாசி என்றால் உயிர். கசங்கினால் போச்சு, நனைந்தால் போச்சு என்று நடுங்குவோம். அண்ணை அந்தத் தாளை ஒரு கடின அட்டையில் பசை தடவி அழுத்தி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தாளில் என்ன இருந்தாலும் எலி கிடையாது. "வெள்ளியில வேணாம் தம்பி. அது ஒரு நாள் பொறுக்கும்" என்பார்.

மூன்றாம் மாதம் பாம்பின் முதுகில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் பாசி பிடிக்கிறது என்று நினைத்தார். கண்ணாடியைத் துடைத்தார், விளக்கை மாற்றினார், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து ஊற்றினார். புள்ளிகள் பெருகிக்கொண்டே போயின. ஆனால் அது வழக்கம்போலச் சாப்பிட்டது, வழக்கம்போலச் சுருண்டு கிடந்தது.

"ஃப்ராவ் கெல்லருக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"அந்த மனிசி இப்பதான் எழும்பி நடக்கப் பழகுது. நான் என்னெண்டு சொல்ற? உங்கட மஞ்சள் பாம்பு பச்சையாப் போகுதெண்டோ? ஆர் நம்புவாங்க?"

அவர் பயத்துக்கு வேர் வேறிடத்தில் இருந்தது. முதல் அகதி விசாரணையில் அதிகாரி அவருடைய இலங்கை அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். படத்தில் உப்பிய கன்னம். எதிரே இருந்தவர் தடுப்பு முகாமில் பாதியாக வற்றிய மனிதர். இது நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு மேல்முறையீட்டில் கிடந்தது. இந்த மனிதரை எனக்குத் தெரியும், நம்பலாம் என்று ஒரு கடிதம் எழுதித் தருவதாக ஃப்ராவ் கெல்லர் சொல்லியிருந்தார். அவர் வந்து பார்த்து இது வேறு பாம்பு என்று நினைத்தால் அந்தக் கடிதமும் போய்விடும், ஊருக்குத் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். ஊரில் அவருக்கு என்ன காத்திருந்தது என்று நமக்குத் தெரியும்.

"என்னை நானெண்டே நம்பாதவங்க" என்று ஒருநாள் சொன்னார், "இதை அதெண்டு நம்புவாங்களோ?"

அப்போது நான் இரண்டு மாதம் சூக் நகரில் ஓர் உணவகத்துக்கு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து கீழ்வீட்டில் எட்டிப் பார்த்தால், கிளையில் சுத்தப் பச்சையாக ஒரு பாம்பு. மஞ்சள் என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. எனக்கு என் புத்திசாலித்தனத்தில் அபார நம்பிக்கை. சிரித்துக்கொண்டே கேட்டேன்:

"மாத்திப்போட்டியள் என்ன? செத்துப்போச்சோ? எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீயுமா தம்பி?" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே பேருந்தில் போனோம், ஒரு சொல் இல்லை.

நான்காம் நாள் என் முன்னால் ஒரு பட அல்பத்தை வைத்துவிட்டுப் போனார். முதல் புள்ளி தெரிந்த நாளிலிருந்து தினம் ஒரு படம் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் அன்றைய பத்திரிகை, திகதி தெரியும்படி. கடைசிப் பக்கத்தில் ஓர் உறைக்குள் பாம்பு கழற்றிய தோல். அதில் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, வெறும் கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நல்லாப் படம் எடுக்கிறியள் அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

ஃப்ராவ் கெல்லர் ஊன்றுகோலோடு வந்து இறங்கிய நாளில், அண்ணை அல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்த அம்மா நேரே பெட்டியிடம் போய், "அடடே, வளர்ந்துவிட்டாயே" என்றார். அண்ணை தட்டுத்தடுமாறி விளக்கம் சொல்லத் தொடங்கினார். அந்த அம்மா புரியாமல் பார்த்துவிட்டு, "எழுதித் தந்தேனே, பின்பக்கத்தில்" என்றார்.

அட்டையைக் கழற்றி, கத்தியால் தாளின் ஒரு மூலையைக் கிளப்பி, நீராவியில் பிடித்து மெல்ல உரித்தோம். பின்பக்கத்தில் அதே கையெழுத்து: இந்த வகை மலைப்பாம்புகள் பிறக்கும்போது மஞ்சள், வளரும்போது பச்சையாகும், பயப்பட வேண்டாம். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தவர் அவர்தான். சிரித்துச் சிரித்து அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

ஃப்ராவ் கெல்லர் அல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நின்றபடியே பார்த்தார். அண்ணையின் அடுத்த விசாரணைக்கு, ஊன்றுகோலோடு, அவரும் போனார். கடிதத்தோடு அந்த அல்பத்தையும் மேசையில் வைத்து, "இது எல்லாம் ஒரே பாம்பு" என்று சொன்னாராம். அதனால்தானா, வேறு காரணத்தாலா, எனக்குத் தெரியாது. சில மாதங்களில் அனுமதி வந்தது. அடுத்த வருடம் மலர் அக்காவும் வந்து சேர்ந்தார். பச்சைப் பாம்பு இன்றும் கீழ்வீட்டில்தான் இருக்கிறது. போன மாதம்வரை அண்ணை அதை மஞ்சள் என்றுதான் கூப்பிட்டார்.

அறிவித்தலுக்குப் படம் தேடி மலர் அக்கா தன் பழைய பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். ஒன்று அந்தப் பழைய அடையாள அட்டைப் படம். மற்றது மருத்துவமனையில் கடைசியாக எடுத்தது. "இதைப் போட ஏலாது, ஆளே தெரியல்ல எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்று அக்கா கடைசிப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

நான் அதை நிமிர்த்தி வைத்தேன்.

அல்பத்திலிருந்து ஒரு படத்தை அண்ணை எனக்குத் தந்திருந்தார். பாதி மஞ்சள், பாதி பச்சை, பக்கத்தில் பத்திரிகை, ஓரத்தில் தவறுதலாக விழுந்த அவருடைய பெருவிரல். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதோடு, ஏழு வருடத்துக்கு முன் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் 'நீயுமா தம்பி?' என்று அவர் கேட்டபோது நான் சொல்லாமல் விட்ட பதிலும் இருந்தது. அதை அன்று மலர் அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டையும் போடுங்கோ அக்கா. ரெண்டும் அவர்தான்."