மேலே அவன் பெயர், கீழே என் இரத்தம்

பழைய சூட்கேசின் உள்ளறையில் ஒற்றைத் தாள் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் அச்சடித்துக் கொடுத்தது. மேலே ஒரு பெயரும் பிறந்த திகதியும். கீழே எழுத்தும் எண்ணுமாக இரண்டு வரிசைகள். 'இது நான், இது அந்நியன்' என்று ஒரு மனிதனின் உடம்பு எதைப் பார்த்துப் பிரித்தறிகிறதோ, அந்த அடையாளங்களின் பட்டியல் அது. மேலே இருக்கும் பெயர் என் பெரியம்மாவின் மகனுடையது. கீழே இருக்கும் இரத்தம் என்னுடையது. மூலையில் காய்ந்துபோன ஒரு பழுப்புக் கறையும் உண்டு. அதுவும் என்னுடையதுதான்.

எப்படி இப்படி ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, எல்லோருக்கும் முதலில் அகதியாக ரொறொன்ரோவுக்கு வந்தவள். பிறகு தாயையும் தம்பியையும் ஸ்பொன்சர் செய்தாள். பத்திரங்கள் சரிவந்து சேர்ந்தபோது அந்தத் தம்பி, எனக்கு அண்ணன், வீட்டில் இல்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான். விசா இருந்தது, ஆள் இல்லை. என் அம்மா தன் அக்காவின் காலில் விழுந்து, இவனையாவது கொண்டுபோ என்று அழுதார். எனக்குப் பதினாறு வயது. அண்ணனைவிட இரண்டு வயது குறைவு, மூக்கு மட்டும் அச்சாக அதே மூக்கு. அவனுடைய பெயரில், அவனுடைய பிறந்தநாளில் நான் விமானம் ஏறினேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணன் பிறகு இயக்கத்தை விட்டு விலகி, வன்னியில் சைக்கிள் திருத்தும் கடை போட்டு, கலியாணம் செய்து, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானான். அவனைக் கூப்பிட வழி இருக்கவில்லை. பத்திரத்தின்படி அவன் ஏற்கெனவே கனடாவில் இருந்தான்.

அக்கா மோர்னிங்சைட் பக்கம் பாடசாலை பஸ் ஓட்டினாள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் பஸ்ஸின் நீளத்துக்கு இருக்கும். பின்சீற்றில் அடிபடும் பெடியளைக் கண்ணாடியில் பார்த்தபடியே தமிழில் ஏசுவாள். சீனப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் அந்த ஏச்சு விளங்கி அடங்கி இருக்கும். போர் முடிந்த ஆண்டின் தொடக்கத்தில், குளிரோடு குளிராக, அவள் கைகளில் நீலத் தழும்புகள் வந்தன. ஸ்டியரிங்கில் இடித்திருப்பேன் என்றாள். பிறகு பல் முரசிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது. இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

மருந்து கொடுத்து அடித்தார்கள். 'அடித்தார்கள்' என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். வாய் முழுக்க வெந்து, தோல் உரிந்து, எச்சில் விழுங்கவே கத்துவாள். அந்த அடி மட்டும் காணாது, எலும்பு மச்சை மாற்ற வேண்டும் என்று டொக்டர் விளக்கினார். அவளுடைய எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அழித்துவிட்டு, வேறொருவரின் அணுக்களை ஏற்ற வேண்டும். வந்த அணுக்கள் மிஞ்சியிருக்கும் புற்றுநோயைத் தேடிப் பிடித்துக் கொல்லும். இந்தக் கொலைதான் வைத்தியம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கவே பல காலம் எடுத்தது என்றார். அதே அணுக்கள் அவள் உடம்பையே அந்நியம் என்று நினைத்தால் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். அதனால் அடையாளங்கள் பொருந்த வேண்டும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர் என்றால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெரியம்மாவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, இஞ்ச கேளுங்கோ. என்ர பஸ்ஸில இருக்கிற ட்ரைவர்மார் எல்லாரையும் வேலையால நிப்பாட்டப் போகினம். புது ஆக்களை ஏத்துவினம். புது ஆள் ஏறி, 'உது ஆற்ற பஸ், நொறுக்கு' எண்டு துவங்கினால் நான் முடிஞ்சன். எங்கட பஸ் எண்டு தெரிஞ்ச ஆளா இருக்கவேணும். அவ்வளவுதான்."

இதைவிட நன்றாக ஒருவரும் எனக்கு இன்றுவரை சொல்லித் தரவில்லை.

பொருத்தம் பார்க்கும் தாதி ஒரு கடதாசிக் கோவையுடன் வந்தாள். பெரியம்மாவின் பக்கம் திரும்பாமல் நேராக என்னையே கேட்டாள். நீ தானே தம்பி, ஒரே தாய், ஒரே தகப்பன்? அவளைத் தவிர அறையில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் உண்மை தெரியும். எனக்கு அப்போது மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பொய்ப் பெயரில் வந்தவன் என்று தெரிந்தால் நாடு கடத்துவார்கள், அதுவும் இந்த நேரத்தில் கொழும்பில் கொண்டுபோய் இறக்குவார்கள் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணால் 'சொல்லாதே' என்றாள். ஓம் என்றேன். கையை நீட்டி இரத்தம் கொடுத்தேன்.

முடிவு வரும்வரை நான் நடுங்கிய நடுக்கம் அவளுடைய உயிருக்காக மட்டும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். இரத்தம் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அது காட்டிக்கொடுக்கவில்லை. பாதி பொருந்தியது. சகோதரிகளான இரண்டு தாய்மார் வழியாக ஒரே பாதி எங்கள் இரண்டு பேருக்கும் வந்திருந்தது. கூடப்பிறந்த சொந்தத் தம்பிக்கும் பாதி மட்டும் பொருந்துவது சாதாரணம் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பாதி போதாது, மிகவும் ஆபத்து, வருந்துகிறோம் என்று தாதி சொன்னாள். அந்த நிமிடத்தில் என் நெஞ்சு இலேசாயிற்று. அக்காவுக்கு மருந்து இல்லை என்று சொல்லப்பட்ட அந்த நிமிடத்தில். இதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

உறவில்லாதவர் பொருந்துவதென்றால் பெரும்பாலும் அதே இனத்தவராக இருக்க வேண்டும்; கொடையாளர் பட்டியல்களில் எங்கள் ஆட்கள் அநேகமாக இல்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. வாரங்கள் போயின. அந்த வாரங்களில் வன்னியில் சனங்கள் கடற்கரையோரம் ஒரு துண்டு மணலுக்குள் நெருக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. பெரியம்மா பிணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முகம் தேடுவார். காயக்காரரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் இடைக்கிடை போய் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் மூன்று பேர் மனத்திலும் அந்தக் கப்பல் நின்றது. சொந்தத் தம்பி வன்னியில் இருக்கிறான் என்று தாதியிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் செய்மதித் தொலைபேசியில் அண்ணன் எடுத்தான். அக்காவுக்கு இரத்தத்தில் வருத்தம் என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தான். மருந்து ஏற்றுவதில் இரண்டு நாள் இடைவெளி விட்டதால் வீட்டில் நின்ற அக்கா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். பின்னால் எறிகணைச் செல் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விழுகைக்கும் அவன் பேச்சை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

"அக்காவுக்கு என்ர இரத்தம் பொருந்துமோ?"

"பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

"இஞ்ச எல்லாற்ற இரத்தமும் நிலத்திலதான் போகுது. பக்கத்து பங்கருக்குள்ள இண்டைக்கு அஞ்சு பேர், அள்ளித்தான் எடுத்தது. அவளுக்குப் பிரயோசனப்படுமெண்டால் ஆரையும் விட்டு எடுக்கச் சொல்லு. நான் வாறன்."

லைன் அறுந்தது. பெரியம்மா எழும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தார். திரும்பவும் அறைந்தார். அடுப்படியில் கிடந்த அகப்பையை எடுத்து முதுகிலும் தலையிலும் அடித்தார். "என்ர பிள்ளையின்ர பேரைத் திண்டுகொண்டு இருக்கிறாய்! என்ர பிள்ளையின்ர பேரைத் திண்டுகொண்டு!" அந்தப் பேரை என் தலையில் கட்டியது யார் என்று நானும் கத்தினேன். கத்தியது காணாமல், கண்ணாடி அலுமாரிக்குக் கையால் குத்தினேன். மணிக்கட்டுக்கு மேலே பிளந்து, இரத்தம் சுவரிலும் நிலத்திலும் சீறியது. மேசையில் கிடந்த இந்தத் தாளிலும் ஒரு துளி தெறித்தது. பெரியம்மா அகப்பையோடு அப்படியே உறைந்து நின்றார்.

சோபாவில் போர்வைக்குள் கிடந்த அக்கா சிரித்தாள். வெந்த வாயால் சிரிக்க முடியாமல் சிரித்தாள்.

"டேய், அதை வீணாக்காதை. பாதி எனக்குப் பொருந்துமெண்டு எழுதியிருக்கு."

பெரியம்மா பழைய துணி எடுத்துவந்து முதலில் என் கையைக் கட்டினார், பிறகு முழங்காலிட்டு நிலத்தைத் துடைத்தார். அடுத்த நாள் காலை நான் போய்த் தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் குடிவரவு அதிகாரி இல்லை. எனக்கு ஒரு தம்பி வேண்டும், அவ்வளவுதான். இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்றாள். அன்று பின்னேரமே டொக்டர் கடிதம் எழுதினார். இந்த மனிதனின் இரத்தத்தைப் பரிசோதிப்பது ஒரு நோயாளியின் உயிருக்கு அவசியம், நோயாளரோடு இவரையும் ஏற்றி உதவுங்கள் என்று. கடிதம் நிவாரணக்காரரிடம் போயிற்று. கப்பல் கரையை நெருங்க முடியவில்லை, சண்டை கடுமை, காத்திருங்கள் என்று பதில் வந்தது. அதன்பிறகு கப்பல் போகவே இல்லை. தாதி முதலில் கேட்ட பங்குனியிலேயே சொல்லியிருந்தால் அவனை ஏற்றியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு கடிதத்துக்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும் என்றும் தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே எங்கள் சனம் நகரத்து நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்து, வாகனங்களை மறித்து, தொண்டை கிழியக் கத்திப் பார்த்தது. நானும் அங்கே இருந்தேன். பொலிஸ்காரன் ஒருவன் பெயரைக் கேட்டபோது அண்ணனின் பெயரைச் சொன்னேன். அந்த நேரம் அவன் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது என்பதை, முகாமுக்குத் தப்பி வந்த அவன் மனைவி பிறகு சொல்லித்தான் அறிந்தோம். பதுங்குகுழி வாசலில் தண்ணீர்க் கேனோடு நின்றவன். முகத்தை வைத்து அடையாளம் காண வழியில்லை, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டால்தான் தெரிந்தது என்றாள்.

பெரியம்மா ஸ்காபரோவில் எங்கள் தேவாலயத்தில் அண்ணனுக்காகப் பூசைக்குக் கொடுத்தார். பெயர் எழுதவில்லை. 'ஓர் ஆன்மாவுக்காக' என்று மட்டும் எழுதினார். ஊரறிய அந்தப் பெயர்க்காரன் முன்வரிசை வாங்கில் உயிரோடு இருக்கும் நான் அல்லவா? அக்கா கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"பேர் சொல்லி வாசிக்கச் சொல்லு. என்ர தம்பி அநாதையே? சொல்லாட்டி நான் இந்த வயரெல்லாம் புடுங்கி எறிஞ்சுபோட்டு வந்து நானே வாசிப்பன்."

செய்யக்கூடியவள். அடுத்த ஞாயிறு சுவாமியார் முழுப் பெயரையும் வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டார். நான் தலை குனியவில்லை. முதல் முறையாக அந்தப் பெயர் அதற்குரியவனுக்காகச் சொல்லப்பட்டது. பெரியம்மா வாய்விட்டு அழுதார், நானும் அழுதேன்.

அக்கா இலைகள் உதிரத் தொடங்கியபோது இறந்தாள். கடைசியில் ஒரு சாதாரணக் கிருமி, ஆரோக்கியமானவனுக்குச் சளித் தடிமன் தரும் கிருமி, அவளைத் துவைத்து எடுத்துவிட்டது. தடுக்க உள்ளே ஆள் இல்லை. மூச்சு இரைக்க இரைக்க எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "பேரை மாத்தாதை. அவன்ர மிச்சம் எண்டு அது ஒண்டுதான் எங்களிட்ட இருக்கு." மாற்றவில்லை. என் அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது உலகத்தில் ஒருவரும் இல்லை.

போன கோடையில் மண்டபம் ஒன்றில் கலைவிழா. வாசலில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மேசை போட்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக் கொடையாளர்களைப் பதிந்துகொண்டிருந்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். ஒரு பிள்ளை நான் எழுதிக் கொடுத்த வயதைப் பார்த்துச் சிரித்தது.

"சொறி அங்கிள், உங்களுக்கு age கூடிட்டுது."

"அதிலை ரெண்டு வயசு பொய்" என்றேன். பகிடி என்று நினைத்தது. விடாமல், "பாதி பொருந்தினால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"Half-ஆ? இப்ப அது ஓகே அங்கிள். Family-ல half match இருந்தாலே காணும், they do it all the time."

எப்படி என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எதிர்ப்புச் சக்தியைப் பற்றித்தான் படிக்கிறதாம், ஆசையோடு சொன்னது. மாற்றிய மூன்றாம் நான்காம் நாளில் ஒரு பழைய மருந்தைக் கொடுக்கிறார்கள். 'இது அந்நிய உடம்பு, நொறுக்கு' என்று பாயத் தொடங்கும் அணுக்கள் அந்த நேரத்தில்தான் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். மருந்து அவற்றை மட்டும் பெரும்பாலும் கொன்றுவிடும். அமைதியாக இருப்பவை தப்பித் தங்கிவிடும். அக்காவுக்கு வைத்தியம் நடந்த அந்த ஆண்டிலேயே சில ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரீட்சித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நான் அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னேன், கலைவிழாவுக்குள் போகவில்லை, கார் தரிப்பிடத்தில் நின்று ஸ்டியரிங்கைக் கை நோகும்வரை குத்தினேன்.

வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறந்து இந்தத் தாளை எடுத்தேன். பாதி என்று எழுதியிருக்கிறது. பழுப்புக் கறையைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் அந்த மணலிலிருந்து வந்திருக்கவே தேவையில்லை. நாங்கள் பயந்திருக்கவும், பொய் சொல்லியிருக்கவும் தேவையில்லை. பெரியம்மா முழங்காலிட்டுத் துடைத்தெறிந்தாரே, அந்த இரத்தமே அக்காவுக்குக் காணும்.